சூடானால் நிற்கும் அம்பாசடர்: எர்த் எங்கே ஆகிறது?

வணக்கம். 1984 அம்பாசடர் மார்க் 4, பெட்ரோல், 1489 சிசி, பாயிண்ட் செட் இக்னிஷன் (பாயிண்ட் திறந்து மூடி ஸ்பார்க் உண்டாக்கும் பழைய முறை). மதுரையில் ஓடுகிறது. மூன்று வாரமாக ஒரே தொல்லை. காலையில் சாவி திருப்பியதும் ஸ்டார்ட் ஆகும். 25 நிமிடம் ஓடியதும் பட்டென்று அணைந்துவிடும். அரை மணி ஆறவிட்டால் மறுபடி கிளம்பும். கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வருகிறது, பிளக்கில்தான் ஸ்பார்க் இல்லை.

காயில், டிஸ்ட்ரிபியூட்டரின் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் பாகம்) ரோட்டர், மூடி எல்லாம் புதிது. பாயிண்ட் இடைவெளி 0.015 அங்குலம். கண்டன்சர் இரண்டு முறை மாற்றியாயிற்று. இப்போது வரும் புதுக் கண்டன்சரை நம்ப முடிவதில்லை.

அணைந்த உடனே இக்னிஷன் போட்டு, பாயிண்ட் திறந்திருக்கும்போது மீட்டர் வைத்தால் காயில் பிளஸ்ஸில் 12.2 வோல்ட், மைனஸில் பூஜ்யம். அங்கேயும் 12 வர வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் ஒயரை மைனஸிலிருந்து கழற்றினால் உடனே 12 வந்துவிடுகிறது. ஆக, காயில் நல்லது. எர்த் ஆவது, அதாவது மின்சாரம் வண்டி பாடிக்கு இறங்குவது, டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம்தான். கண்டன்சரைக் கழற்றிப் பார்த்தாலும் பூஜ்யமே. உள்ளே போகும் சின்ன ஒயரின் உறை பழுப்பேறி, வேக்கம் தட்டு (பாயிண்டைத் தாங்கி, வேக்கம் இழுப்பில் அசையும் தட்டு) அசையும் இடத்தில் தேய்ந்து பளபளக்கிறது, ஆனால் செம்பு தெரியவில்லை. ஆறிய பிறகு மீட்டரில் எதுவும் சிக்குவதில்லை.

அந்த ஒயரா, பாயிண்ட் ஸ்பிரிங் உட்காரும், மின்சாரம் கடத்தாத ஃபைபர் புஷ்ஷா என்று சூடு ஆறுவதற்குள் பிரித்துக் கண்டுபிடிப்பது எப்படி?