ஹார்ட் அட்டாக்குக்கு அப்புறம் வெள்ளை அணு ஏறிடுச்சுன்னா என்ன? உங்க வீட்ல பாத்தத சொல்லுங்க

கோவை மகள்:
அப்பாவுக்கு 61 வயசுங்க, சுகர் இருக்கு. பொள்ளாச்சில லைஸிஸ் ஊசி (ரத்தக்கட்டிய கரைக்கறது) போட்டு கோவைக்கு அனுப்பினாங்க, ஆஞ்சியோல எல்ஏடில (ஹார்ட்டோட முன்பக்க முக்கிய ரத்தக்குழாய்) பெரிய அடைப்பு, ஸ்டென்ட் வச்சாச்சு. வந்து பாத்தவங்க எல்லாரும் டிரோபோனின் (ஹார்ட் தசை அடிபட்டா ரத்தத்துல ஏறற புரதம்) எவ்ளோ, பம்பிங் (ஹார்ட் ரத்தத்த தள்ளற சதவீதம்) எவ்ளோன்னே கேட்டாங்க, என் கண்ணுல பட்டது சிபிசி (ரத்த அணு எண்ணிக்கை) ரிப்போர்ட்ல தடிச்ச எழுத்துல இருந்த வரிதான். வெள்ளை அணு டோட்டல் கவுண்ட் 16,800, அதுல பாலிமார்ஃப்ங்கற வகை (நியூட்ரோஃபில்னும் சொல்வாங்க) 86 சதவீதம், லிம்ஃபோசைட்ங்கற வகை 9. டோட்டல் கவுண்ட் நார்மல் 11,000 வரைக்கும்தான்னு பக்கத்துலயே போட்டிருக்கு. இன்ஃபெக்ஷனான்னு டூட்டி டாக்டர்கிட்ட கேட்டேன். "சளி இல்ல, எக்ஸ்ரே கிளீன், யூரினும் கிளீன். இது ஹார்ட்ல பட்ட காயத்துக்கு உடம்பு பண்றது"ன்னார்.

ரத்தம் போகாம செத்த தசைய அள்ளிப்போட நியூட்ரோஃபில்தான் முதல்ல, சில மணி நேரத்துலயே வந்து குவியுமாம், அப்புறம் சில நாள்ல மோனோசைட்ங்கற இன்னொரு வெள்ளை அணு வந்து மிச்ச வேலைய பாக்கும். உடம்பு அதிர்ச்சில இருக்கறப்ப கார்டிசால்ங்கற ஹார்மோன் ஏறும், அதுல லிம்ஃபோசைட் இறங்கிடும். ஒண்ணு ஏற ஒண்ணு இறங்கறதால ரெண்டையும் வகுத்து என்எல்ஆர்னு பாக்கறாங்க. அப்பாவுக்கு 86ஐ 9ஆல வகுத்தா ஒன்பதரைக்கு மேல, நல்லா இருக்கவங்களுக்கு பெரும்பாலும் மூணுக்குள்ளதான் இருக்கும்.

அன்னைக்கு ராத்திரி வராண்டால உக்காந்து போன்ல தேடித்தேடி படிச்சேன். 2000ல வந்த டிமி 10 ஆய்வுல, வந்து சேர்றப்பவே கவுண்ட் ஏறியிருந்தவங்களுக்கு லைஸிஸ் போட்டும் குழாய் சரியா திறக்கல, ஹார்ட் ஃபெயிலியரும் இறப்பும் கூடன்னு இருந்துச்சு. 2005ல அமெரிக்கால யூட்டா குழு, மொத்த கவுண்ட்ட விட இந்த விகிதம்தான் ரிஸ்க்க நல்லா காட்டுதுன்னு சொல்லிருக்காங்க. படிக்கப்படிக்க வயிறு கலங்கிடுச்சு. இந்த மாதிரி பாத்தவங்க யாராச்சும் இருக்கீங்களா?

லேப் டெக்னீசியன், நெல்லை:
பயப்படாதீங்க தங்கச்சி. முதல்ல ஒண்ணு கேக்கணும், லைஸிஸ்னா ஸ்ட்ரெப்டோகைனேஸ்ங்கற மருந்தா? அப்படின்னா அதுக்கு முன்னாடி அலர்ஜி வராம இருக்க ஹைட்ரோகார்ட்டிசோன் போட்டாங்களான்னு கேஸ் ஷீட்ல பாருங்க. அந்த ஸ்டீராய்டு போட்டு சில மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுத்தா பாலிமார்ஃப் எகிறும், லிம்ஃபோசைட் படுத்துரும், ஹார்ட்டே நல்லா இருந்தாலும் அப்படித்தான் வரும். எங்ககிட்ட வர்ற சாம்பிள்ல எப்ப எடுத்தாங்கன்னு நேரம் எழுதியிருக்காது, அதான் பெரிய தொல்லை. ஊதா மூடி டியூப்ப சரியா கலக்காம அனுப்பி, உள்ள சின்னதா கட்டி இருந்தாலும் கவுண்ட் தப்பா வரும். அதனால சிசியூ (ஹார்ட் தீவிர சிகிச்சை வார்டு) சாம்பிள்ல நம்பர் சந்தேகமா இருந்தா மெஷின நம்பாம ஸ்லைடு போட்டு மைக்ராஸ்கோப்ல நூறு செல் எண்ணிப் பாப்பேன். இளசான பேண்ட் செல் (முழுசா முதிராத நியூட்ரோஃபில்) நெறைய தெரிஞ்சா கிருமி இருக்கலாம்னு வார்டுக்கு போன் போட்டு சொல்லிருவேன். சிகரெட் குடிக்கறவங்களுக்கு சும்மாவே கொஞ்சம் கூடத்தான் இருக்கும், அதையும் மனசுல வச்சுக்கிடுங்க.

கோவை மகள்:
அண்ணா, பாத்தேன், நீங்க சொன்னது அப்படியே இருக்கு. ஸ்ட்ரெப்டோகைனேஸ்தான், ஹைட்ரோகார்ட்டிசோனும் போட்டிருக்காங்க. பொள்ளாச்சில ஊசிக்கு முன்னாடி எடுத்த சாம்பிள்ல 13,600, பாலிமார்ஃப் 78, லிம்ஃபோசைட் 16, அப்படின்னா என்எல்ஆர் அஞ்சுக்கு கிட்ட. இன்னைக்கு எடுத்ததுல 11,400, 72, 19. நாலுக்கு கீழ வந்துடுச்சு. எக்கோல பம்பிங் 40.

சிசியூ நர்ஸ், மதுரை:
இறங்குதுல்ல, அதாம்மா எங்களுக்கு வேணும். நான் பாத்த வரைக்கும் முதல் நாள் நம்பர விட, இறங்கினது திரும்ப ஏறுதான்றதுதான் முக்கியம். ஒரு பெரியவருக்கு நல்லா இறங்கிட்டு வந்த கவுண்ட் திடீர்னு ஏறுச்சு, லேசா ஜுரம் வேற. முதல் ரெண்டு மூணு நாள் அட்டாக்காலயே லேசா ஜுரம் வரும், ஆனா இவருக்கு அந்த நாள்லாம் தாண்டிருச்சு. பிளாஸ்டர பிரிச்சா கேனுலா (மருந்து ஏத்த நரம்புல செருகற சின்ன குழாய்) போட்ட எடத்துலருந்து முழங்கை வரைக்கும் நரம்பு செவசெவன்னு கயிறு மாதிரி தடிச்சு கெடக்கு. கேனுலாவ எடுத்துட்டு டாக்டர கூப்பிட்டோம், மருந்து மாத்தினாங்க, சரியாச்சு. ஹார்ட்டுதான் மோசமாகுதுன்னு அவர் பொண்டாட்டி அழுதுட்டு இருந்தாங்க.

நாங்க ரிஸ்க்கு பாக்கற கிரேஸ் ஸ்கோர்ல வெள்ளை அணு கிடையவே கிடையாது. வயசு, நாடித்துடிப்பு, பிரஷர், கிரியாட்டினின், ஈசிஜி, என்சைம், நுரையீரல்ல நீர் கோத்திருக்கா, வந்தப்ப துடிப்பு நின்னுச்சா, இதான் கணக்கு. என்எல்ஆர் மூணுக்கு மேல ஆபத்தா அஞ்சுக்கு மேலயான்னு ஆய்வுக்கு ஆய்வு மாறுது. அத வச்சு மட்டும் ஒரு டாக்டரும் மருந்து மாத்தி நான் பாத்ததில்ல. பம்பிங் 40ங்கறதுதான்மா நீங்க புடிச்சுக்க வேண்டியது. கொஞ்ச நாள் செயலிழந்து கெடக்கற தசை திரும்ப எழும்பும், அதனால ஆறு வாரம் கழிச்சு எக்கோ கண்டிப்பா எடுங்க.

இன்னொண்ணு, வீக்கத்த கொறச்சா ஹார்ட்டுக்கு நல்லதுன்னு வாட்ஸாப்ல கோல்சிசின் பேரு சுத்துது, கவுட்ங்கற மூட்டுவலிக்கு குடுப்பாங்கல்ல அதுதான். 2019ல கோல்காட் ஆய்வுல பலன் தெரிஞ்சது உண்மைதான், ஆனா 2024ல கிளியர் ஆய்வுல 7,000 பேருக்கு மேல சேத்து, பாதிப் பேருக்கு குடுத்துப் பாத்தும் மறுபடி அட்டாக் வர்றது குறையல. சுகர்ல அப்பாவுக்கு கிட்னி எப்படி இருக்கோ தெரியாது, கிட்னி சரியில்லாதவங்களுக்கு அந்த மாத்திரை உடம்புல தேங்கிரும். நீங்களா வாங்கிக் குடுத்துடாதீங்கம்மா. ஸ்டென்ட்டுக்கு குடுத்த ரெண்டு ரத்தம் ஒறையாத மாத்திரையும் ஒரு வேளை கூட விட்டுப்போகாம பாத்துக்கங்க.