புதுப்பிப்பு: எங்கள் கழகத்தின் புதிய பயிற்றுநர்

திருகோணமலையிலுள்ள எங்கள் உதைபந்தாட்டக் கழகத்துக்கு வெளியூர்ப் பயிற்றுநரை அமர்த்துவதா, எங்களிடம் ஆடி ஓய்வுபெற்றவரை அமர்த்துவதா என்று முன்பு கேட்டிருந்தேன். நிர்வாகக் குழு எங்கள் பழைய நடுக்கள வீரரையே தெரிவு செய்துள்ளது. அவர் ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் ‘சி’ தரப் பயிற்றுநர் சான்றிதழ் பெற்றவர் என்பதைவிட, விடியற்காலையில் கடலுக்குப் போய்வரும் வீரர்களுக்காகப் பயிற்சியை மாலைக்கு மாற்றி, வடகீழ்ப் பருவமழையில் மைதானம் சேறாகுமுன் உடற்தகுதிப் பயிற்சிகளை முடிக்கும் திட்டத்தைக் கைப்பட எழுதிக் கொண்டுவந்தார் என்பதே எனக்குப் பெரிதாகப் பட்டது. உதவிப் பயிற்றுநரும் உள்ளூர்க்காரரே. கோல் காப்பாளருக்குத் தனிப் பயிற்றுநர் வேண்டுமென்று பலர் வற்புறுத்தியது மிகச் சரி, 7.32 மீற்றர் அகலக் கோல் வாயைக் காக்கும் இளைஞனுக்கு, உயர்ந்து வரும் பந்துக்கு எப்போது முன்னேறுவது, எந்தக் காலை ஊன்றி எழும்புவது என்பதை ஒருவர் அருகில் நின்று காட்டத்தான் வேண்டும். அந்தப் பதவி இன்னும் வெற்றிடமாகவே உள்ளது. தகுதியுடையோர் கழகச் செயலாளரிடம் விண்ணப்பிக்கலாம்.