பூனைக்கு வீட்டுச் சமையல்: இறைச்சியோடு வேறென்ன சேர வேண்டும்?

வெள்ளவத்தைவாசி:

எங்கள் வீட்டில் நான்கு வயதுக் கடுவன் பூனை ஒன்று இருக்கிறது. எடை நான்கு கிலோவுக்குச் சற்று அதிகம். உலர் தீனியின் விலை ஏறிக்கொண்டே போவதாலும், பூனை தண்ணீர் குடிப்பதே அரிது என்பதாலும், வீட்டிலேயே சமைத்துக் கொடுக்க எண்ணுகிறோம். இப்போதைக்கு அவித்த கோழி நெஞ்சிறைச்சியையும் சூரை மீனையும் சோற்றில் பிசைந்து வைக்கிறோம்; மீனைப் பொறுக்கி எடுத்துவிட்டுச் சோற்றைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கி விடுகிறான். கறியில் கிடக்கும் மீன் துண்டைக் கழுவிக் கொடுத்தாலே போதும் என்கிறார் அம்மா. ஈரல், முட்டை, பூசணி, நெத்தலி என்று அயலில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இவற்றில் எதை எவ்வளவு சேர்க்கலாம் என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

கொட்டாஞ்சேனை மூன்று பூனை:

வணக்கம். சத்துள்ள பொருட்களைத் தேடுவதற்கு முன், வெறும் இறைச்சியில் எது குறைவு என்று பார்ப்பது நல்லது. முதலாவது கல்சியம். எலும்பில்லாத இறைச்சியில் பொஸ்பரஸ் நிறைய உண்டு, கல்சியம் இல்லையென்றே சொல்லலாம். இதையே மாதக்கணக்கில் கொடுத்தால் உடல் தன் எலும்பிலிருந்தே கல்சியத்தை உருவி எடுக்கத் தொடங்கும். முட்டைக் கோதைக் கழுவி, அடுப்பில் நன்கு உலர்த்தி, விரலில் நெருடாத அளவுக்கு மாவாக அரைத்து, ஒரு கிலோ இறைச்சிக்கு ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி வீதம் கலக்கலாம். அவித்த எலும்பை மட்டும் ஒருபோதும் கொடுக்காதீர்கள். அது சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

இரண்டாவது டோரின் என்னும் அமினோ அமிலம். பூனையின் உடல் இதைத் தேவையான அளவுக்குத் தானே உண்டாக்குவதில்லை. இது குறைந்தால் விழித்திரை கெடும். இதயத் தசை தளர்ந்து விரியும் நோய்க்கும் இந்தக் குறைபாடு காரணமாவதை 1987இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டிய பின்னரே தீனி தயாரிப்போர் டோரின் அளவை உயர்த்தினர். நெஞ்சிறைச்சியை விடக் கோழியின் கால், தொடைப் பகுதிகளிலும், இதயத்திலும் இது அதிகம். டோரின் நீரில் கரைவது என்பதால், அவித்த தண்ணீரை ஊற்றிவிட்டால் சத்தும் போய்விடும். சிறிது நீரில் மூடி அவித்து, அந்தச் சாற்றையும் இறைச்சியோடு சேர்த்து வையுங்கள். தண்ணீர் குடிக்காத பூனைக்கு அதுவே இன்னொரு நன்மை. இறைச்சிக் கடையில் சொல்லி வைத்தால் கோழி இதயத்தைத் தனியாக எடுத்து வைப்பார்கள், பெரிய விலையும் இல்லை.

ஈரல் அவசியம், ஆனால் அளவோடு. கரட்டிலும் பூசணியிலும் உள்ள நிறப்பொருளை நாம் விற்றமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறோம். பூனையால் அது முடியாது, ஆகவே அதற்கு ஈரலிலிருந்து நேரடியாகக் கிடைக்க வேண்டும். அதே விற்றமின் மிகுந்தால் கழுத்து எலும்புகளில் வேண்டாத வளர்ச்சி உண்டாகித் தலையைத் திருப்பவே இயலாமல் போகும். அரைக் கிலோ கலவைக்கு 25 கிராம் அளவு போதுமானது. பூசணியை நார்ச்சத்துக்காக ஒரு கரண்டி சேர்க்கலாம். சோறு தேவையே இல்லை, உங்கள் கடுவன் ஒதுக்குவதில் நியாயம் இருக்கிறது.

மீன்காரர் பேத்தி:

மீனைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சாளை, நெத்தலி போன்ற சில மீன்களைப் பச்சையாகக் கொடுக்கக் கூடாது; அவற்றிலுள்ள தயமினேஸ் என்னும் நொதியம் விற்றமின் பி1ஐ அழித்துவிடும், பூனை தள்ளாடி வலிப்பு வரும் வரைக்கும் போகலாம். அவித்தால் அந்த நொதியம் செயலிழந்துவிடும். சூரையை வாரத்தில் ஓரிரு முறைக்கு மேல் கொடுப்பதை நான் விரும்புவதில்லை: மீனே முழு உணவானால் விற்றமின் ஈ போதாமல் உடற்கொழுப்பு அழற்சி கண்டு, தொட்டாலே பூனை வலியில் கத்தும். அம்மா சொல்வது போல் கறி மீனைக் கழுவிக் கொடுப்பது சரிவராது, ஏனெனில் வெங்காயமும் உள்ளியும் குழம்பில் கரைந்து மீனுக்குள் இறங்கியிருக்கும். அவை பூனையின் சிவப்பணுக்களை உடைப்பவை. உப்பும் புளியும் போட முன்னரே பூனையின் பங்கை எடுத்து வைத்துவிட்டால் அம்மாவுக்கும் வேலை மிச்சம்.

வெள்ளவத்தைவாசி:

இருவருக்கும் மிக்க நன்றி. முட்டையைப் பச்சையாகக் கொடுக்கலாமா? உலர் தீனியை ஒரேயடியாக நிறுத்திவிடலாமா?

கொட்டாஞ்சேனை மூன்று பூனை:

முட்டையை அவித்தே கொடுங்கள். பச்சை வெள்ளைக் கருவிலுள்ள அவிடின் என்னும் புரதம் பயோட்டின் என்னும் விற்றமினைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சல்மொனெல்லாக் கிருமிக்கும் இடமுண்டு. உலர் தீனியைப் பத்து நாட்களாவது எடுத்து மெல்ல மெல்லக் குறையுங்கள். புது உணவு பிடிக்காமல் பூனை இரண்டு மூன்று நாட்கள் பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்புப் படிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பசித்தால் தானாகச் சாப்பிடும் என்று காத்திருக்க வேண்டாம். சமைத்த உணவில் டோரின் எவ்வளவு எஞ்சியது என்று வீட்டில் அளக்க வழியில்லாததால், டோரின் தூள் சேர்ப்பது பாதுகாப்பானது. நாகம் (துத்தநாகம்), அயடின், விற்றமின் ஈ போன்றவையும் கணக்கில் வர வேண்டும் என்பதால், நீங்கள் சேர்க்கும் பொருட்களை நிறையோடு எழுதி மிருக வைத்தியரிடம் காட்டி, குறைநிரப்புத் தூள்களின் அளவை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். கடுவன் என்பதால் ஒன்று: மண் தட்டில் அடிக்கடி முக்கிக்கொண்டு உட்கார்ந்தும் சிறுநீர் வராவிட்டால், உணவை மாற்றிப் பார்க்கலாம் என்று நினையாமல் அன்றைக்கே கொண்டு போங்கள்.