அப்பா 2005-ல் உயிரோடு இருந்தால்தான் மகளுக்குப் பங்கா?

தாழ்வாரம்
சொத்துச் சட்டத் தேர்வுக்கு என்று ஒரு நோட்ஸ் நேற்றிலிருந்து எல்லோர் கையிலும் சுற்றுகிறது. அதில் கொட்டை எழுத்தில் ஒரு வரி: "9.9.2005 அன்று தந்தை உயிரோடு இல்லை என்றால் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் ஒன்றும் கிடையாது." அது இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மகளையும் மகனுக்குச் சமமான பங்காளியாக்கிய திருத்தம் அமலுக்கு வந்த நாள். ஆனால் அந்த வரி தப்பு. 2020 ஆகஸ்ட் 11-ல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதைத் தீர்த்துவிட்டது. மகளின் உரிமை பிறப்பால் வருவது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்தாரா என்ற கேள்விக்கே இடமில்லை. தீர்ப்பு வந்து இத்தனை வருடம் கழித்தும் இதை எழுதிப் பிள்ளைகள் கையில் கொடுப்பவரை என்ன சொல்வது? யாரென்று தெரியும். பெயர் வேண்டாம் என்று பார்க்கிறேன்.

திண்ணைப்பள்ளி
எதற்குச் சுற்றி வளைக்கிறீர்கள், நான்தான் எழுதினேன். 2015-ல் பிரகாஷ் எதிர் பூலாவதி தீர்ப்பு வந்ததே, அது உச்ச நீதிமன்றம் இல்லையா? திருத்தம் வந்த அன்று தந்தையும் இருக்க வேண்டும், மகளும் இருக்க வேண்டும் என்று தெளிவாகச் சொன்னார்கள். பெரிய வக்கீல் அதைப் படிக்கவில்லை போலிருக்கிறது.

தாழ்வாரம்
படித்தேன். அது இரண்டு நீதிபதிகள் சொன்னது. 2018-ல் தானம்மா வழக்கில் வேறு இரண்டு நீதிபதிகள், 2001-லேயே இறந்துபோனவரின் மகள்களுக்குப் பங்கு கொடுத்தார்கள். இரண்டும் முட்டிக்கொண்டதால்தான் விஷயம் மூன்று பேர் அமர்வுக்குப் போனது. அங்கே பூலாவதி தீர்ப்பு சரியல்ல என்று சொல்லியாகிவிட்டது. செத்த தீர்ப்பை வைத்துத் தேர்வு எழுதச் சொல்கிறீர்கள்.

வெள்ளோட்டம்
ஒரு சந்தேகம். பூர்வீகச் சொத்து என்றால் சரியாக எது? தாத்தா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய நிலம், அவர் உயில் எழுதாமல் 1956-க்கு அப்புறம் இறந்து, அப்பாவுக்கு வந்தால் அது பூர்வீகமா, அப்பாவின் தனிச்சொத்தா? எங்கள் மேடம் 1986-ல் வந்த சந்தர் சென் தீர்ப்பைப் பார்க்கச் சொன்னார்.

திண்ணைப்பள்ளி
தாழ்வாரம் சார், அப்பா இறந்த அன்றே அவர் பங்கு பிரிந்துவிட்டது. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் பழைய 6-வது பிரிவு அதைத்தான் சொல்கிறது. பிரிந்து முடிந்ததை 2005-ல் வந்து கலைப்பீர்களா? உயிரோடு இல்லாதவர் எப்படிக் கூட்டுக்குடும்பத்தில் இருப்பார்? பதில் சொல்லுங்கள்.

தாழ்வாரம்
சொல்கிறேன். பழைய 6-வது பிரிவில் இருந்தது, இறந்தவரின் பங்கு எவ்வளவு என்று கணக்குப் பார்க்க வைத்த கற்பனைப் பிரிவினை. அதனால் சொத்து நிஜமாகப் பாகம் பிரிந்துவிடாது என்று வினீதா சர்மாவிலேயே சொல்லியிருக்கிறார்கள்.

கணக்கு போட்டே காட்டுகிறேன். 6 ஏக்கர் பூர்வீக நிலம். அப்பா 1998-ல் இறந்தார், அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். ஒரு மகன், இரண்டு மகள். மகள்கள் இருவருக்கும் 1989-க்கு முன்பே கல்யாணம் ஆகிவிட்டது, அதனால் தமிழ்நாட்டின் 1989 சட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை. பழைய கணக்குப்படி அப்பாவுக்கு 3, மகனுக்கு 3. அப்பாவின் 3 மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கு 1. ஆக மகனுக்கு 4, மகள்களுக்கு ஒவ்வொன்று. இன்றைய சட்டப்படி ஆளுக்கு 2. கவனியுங்கள், பழைய கணக்கில்கூட மகள்களுக்கு ஒரு ஏக்கர் வந்தது. உங்கள் நோட்ஸில் "ஒன்றும் கிடையாது". எந்தச் சட்டத்தில் வருகிறது அந்த "ஒன்றும்"?

திண்ணைப்பள்ளி
அது எழுத்து வேகத்தில் வந்த சொல். அதைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். அப்பா உயிரோடு இருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம், அதற்குப் பதில் வரவில்லை.

தாழ்வாரம்
மூன்று தடவை வந்துவிட்டது. அப்பா இருந்தாரா என்று கேட்காதீர்கள். பாகம் பிரிந்ததா என்று கேளுங்கள். 20.12.2004-க்கு முன்னால் பதிவான பாகப்பிரிவினை, நீதிமன்றத் தீர்ப்பாணை, கிரயம், உயில் இருந்தால் அதை யாரும் தொட முடியாது. சட்டம் கோடு கிழித்தது அந்தத் தேதியில்.

கோட்டைமேடு
இதில் நாம் பெருமைப்பட வேண்டியதை யாரும் பேசவில்லை. தமிழ்நாடு 25.3.1989 முதலே மகளுக்குச் சம பங்கு கொடுத்தது. டெல்லிக்கு அது உறைக்க 16 வருடம் ஆனது.

கரும்பலகை
ஆந்திரா நமக்கு முன்பே, 1986-லேயே சட்டம் போட்டுவிட்டது. அப்புறம், நம் சட்டத்தில் அந்தத் தேதிக்கு முன் கல்யாணமான பெண்ணுக்கு இடமில்லை. 1988-ல் கல்யாணமான என் அக்காவுக்கு இல்லை, 1990-ல் கல்யாணமான தங்கைக்கு உண்டு. இதுதான் சம பங்கா? அந்த வேற்றுமையைத் துடைத்தது 2005 திருத்தம்.

கோட்டைமேடு
எதைச் சொன்னாலும் குறை சொல்ல ஒரு கூட்டம். சொத்துரிமையே அடிப்படை உரிமை கிடையாது, அரசியல் சட்டத்தின் 44-வது திருத்தத்தில் எடுத்தாயிற்று. அப்புறம் இதில் என்ன சண்டை?

தாழ்வாரம்
கோட்டைமேடு, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அரசியல் சட்டத்தின் 19(1)(f)-யும் 31-ம் போய் 300அ பிரிவு வந்தது, அரசு உங்கள் சொத்தைச் சட்டப்படி அல்லாமல் எடுக்கக் கூடாது என்பதற்கு. அண்ணன் தங்கைக்குள் நடக்கும் பாகவழக்கில் 300அ எங்கே வருகிறது?

திண்ணைப்பள்ளி
அரசியல் சட்டமும் இவரே, சொத்துச் சட்டமும் இவரே. போன மாதம் கொலைக்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் 302-வது பிரிவு என்று எழுதியவரும் இவரேதான். அது 103 ஆகி எவ்வளவு நாளாயிற்று, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா என்று ஒன்று வந்தது தெரியுமா?

தாழ்வாரம்
அந்தக் கேள்வியில் கொலை நடந்தது 2023-ல். புதிய சட்டம் அமலுக்கு வந்தது 1.7.2024. அதற்கு முன் நடந்த குற்றத்துக்கு 302 தான். அன்றைக்கே சொன்னேன், அன்றைக்கும் நீங்கள் கேட்கவில்லை.

பத்திரக்கட்டு
படித்தவர்கள் பேசும்போது குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். எங்கள் பக்கம் பாதிக் குடும்பத்தில் பதிவான பாகப்பிரிவினையே கிடையாது. வெள்ளைத்தாளில் யாருக்கு எந்தப் பாகம் என்று எழுதிய கூர்ச்சீட்டு, ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் கையெழுத்து, வரப்பு போட்டாயிற்று, பட்டா தனித்தனி, கிணற்றில் மோட்டார் முறை வைத்து ஓடுகிறது. அது பிரிவினை இல்லையா? இப்போது பாருங்கள், நிலம் வாங்க வருகிறவர் மூலப்பத்திரம், வில்லங்கச் சான்றோடு நிற்பதில்லை. வாரிசுச் சான்றை எடுத்து, அதில் உள்ள பெண்பிள்ளைகள் எல்லோரும் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் போட்டுத் தரட்டும் என்கிறார்.

திண்ணைப்பள்ளி
கேட்டீர்களா? நிலத்தில் நிற்பவர் சொல்கிறார். அண்ணன்காரன் 20 வருடம் தீர்வை கட்டி, கிணறு தூர்வாரி, கடைசியில் தங்கை வீட்டுக்காரரிடம் கையெழுத்துக்கு நிற்க வேண்டும்.

தாழ்வாரம்
கையெழுத்து தங்கையுடையது. வீட்டுக்காரருடையது அல்ல. கூர்ச்சீட்டுக்கும் பதில் இருக்கிறது: வாய்மொழிப் பிரிவினையைச் சாதாரணமாக ஏற்பதில்லை. அரசு ஆவணங்களால் ஐயமற நிரூபித்தால் மட்டும், விதிவிலக்காக. வெறும் வெள்ளைத்தாள் போதாது. ஏன் இவ்வளவு கறார் என்றால், தங்கை வழக்கு போட்ட மறுநாளே பழைய தேதியில் கூர்ச்சீட்டு முளைத்துவிடும். தீர்வை கட்டியதை மட்டும் சொல்கிறீர்கள், 20 வருட மகசூல் யார் வீட்டுக்குப் போனது?

வெள்ளோட்டம்
அண்ணா, அந்தத் தாத்தா நிலம்? பூர்வீகமா, தனிச்சொத்தா?

கரும்பலகை
பங்கு கேட்டு வழக்கு போடும் காலக்கெடுவையும் சேர்த்துச் சொல்லுங்கள். தன்னை விலக்கிவிட்டார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து 12 வருடம். உரிமை உண்டு என்று நம்பிச் சும்மா இருந்து கெட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

திண்ணைப்பள்ளி
நாளை ஏழு நீதிபதிகள் உட்கார்ந்தால் வினீதா சர்மாவும் மாறும். என் நோட்ஸை மாற்றப் போவதில்லை. அப்பா உயிரோடு இருக்க வேண்டும். வேண்டுமானால் "மாறுபட்ட தீர்ப்பும் உண்டு" என்று கடைசியில் பொடி எழுத்தில் போடுகிறேன்.

தாழ்வாரம்
கொட்டை எழுத்தில் தப்பு, பொடி எழுத்தில் சட்டமா? அடுத்த வாரம் தேர்வு. அந்த நோட்ஸ் எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் அதன் கீழே தீர்ப்பின் தேதியைப் போடுவேன். இங்கேயும் போடுகிறேன், 11.8.2020. அப்பா உயிரோடு இருக்க வேண்டியதில்லை.

திண்ணைப்பள்ளி
போடுங்கள். நானும் கீழே பூலாவதியைப் போடுகிறேன்.