ஹாஃப் டேர்ம்னா பரீட்சை இல்லையா? இங்கிலாந்து ஸ்கூல் பாஷை தெரிஞ்சவங்க கொஞ்சம் வாங்க

ஹட்டன்_தங்கச்சி:

எல்லாருக்கும் வணக்கம். நான் இலங்கைல ஹட்டன் பக்கம், ஏ.எல். மெத்ஸ் முடிச்சிட்டு வீட்ல இருந்தே ஒன்லைன்ல கணிதம் சொல்லிக் குடுக்கிறேன், செப்டம்பர்ல இருந்து லண்டன்ல உள்ள ஒரு தமிழ்க் குடும்பத்துப் புள்ளைக்கும் கிளாஸ் எடுக்கிறேன். இயர் 8, நல்ல புள்ள, சொன்னாக் கேப்பா. பிரச்சினை புள்ள இல்ல, அவங்க அம்மா அனுப்புற வட்ஸ்அப் மெசேஜ்தான். தமிழ்லதான் எழுதுறாங்க ஆனா நடுவுல வர்ற ஸ்கூல் வார்த்தை ஒண்ணும் விளங்குறதில்ல, கேட்டா இதுகூடத் தெரியாதவகிட்டயா புள்ளய விட்டோம்னு நெனச்சிருவாங்களோன்னு பயம், அதனால எல்லாத்துக்கும் ஓகே அக்கா ஓகே அக்கான்னு போட்டுப் போட்டு கடைசில நல்லா மாட்டிக்கிட்டேன்.

ஒக்டோபர் கடைசில "அடுத்த கிழம ஹாஃப் டேர்ம் மிஸ்"னு ஒரு மெசேஜ் வந்துச்சு. நம்ம ஊர்ல தவணைப் பரீட்சை இருக்கே, அப்ப இது அரைத் தவணைப் பரீட்சை போலன்னு நெனச்சி ரெண்டு நாள் ஒக்காந்து அட்சரகணிதத்துல ஒரு மாதிரி வினாத்தாள் செஞ்சேன். செவ்வாக்கிழம ராத்திரி ஒம்பதரைக்கு கம்பளியப் போத்திக்கிட்டு லெப்டொப் முன்னுக்கு ஒக்காந்திருக்கேன், வெளிய மழ, அம்மா பிளேன்டீ ஊத்திக் குடுத்தாங்க அதுவும் ஆறிப்போச்சு, பத்தரை ஆகியும் ஒருத்தரும் வரல. அதுக்கு அடுத்த செவ்வாயும் ஒம்பதரைக்கே ஒக்காந்தேன், பத்து வரைக்கும் பாத்துட்டு மூடி வச்சிட்டுப் படுத்துட்டேன், பத்து முப்பத்தஞ்சுக்கு ஃபோன் அடிக்குது, "மிஸ் எங்க இருக்கீங்க, புள்ள காத்துக்கிட்டு இருக்கா"ன்னு!!

மத்ததையும் சொல்றேன். கே.எஸ்.3ன்னா என்ன? "அவ செட் 3ல இருக்கா"ன்னா? "வெள்ளிக்கிழம இன்செட் டே"ன்னா? "எங்களுக்கு ஸ்டேட் ஸ்கூல்தான் மிஸ், பப்ளிக் ஸ்கூல் கட்டாது"ன்னாங்க, ரெண்டும் ஒண்ணுதானே? மூத்தவருக்கு டியூஷன் ஃபீஸே வருஷத்துக்கு ஒம்பதாயிரத்துச் சொச்சம் பவுண் போகுதாம், நான் ஒரு மணித்தியாலத்துக்கு வாங்குறத நெனச்சி அன்னைக்கு முழுக்க வயிறு எரிஞ்சது. இப்ப நடு புள்ளயையும் என்கிட்ட விடப் பாக்குறாங்க, இயர் 11, மொக்ல மெத்ஸுக்கு 4 வந்திருக்காம், ஹையர்லயே விடவா ஃபவுண்டேஷனுக்கு மாத்தவான்னு என்கிட்ட கேக்குறாங்க. 4ன்னா நாலு மார்க்கா?? இன்னைக்கு இரவுக்குள்ள பதில் சொல்லணும், யாராவது காப்பாத்துங்க.

தலவாக்கலை_அக்கா:

தங்கச்சி சிரிச்சதுக்கு மன்னிச்சிக்க. நான் பதினாலு வருஷமா இங்கதான், ஒரு பிரைமரி ஸ்கூல்ல டி.ஏ.வா இருக்கேன், அதாவது டீச்சருக்கு ஒத்தாசைக்கு இருக்கிற ஆள். வந்த புதுசுல நானும் உன்ன மாதிரிதான் எல்லாத்துக்கும் தலையாட்டினேன்.

ஹாஃப் டேர்ம்னா லீவு. ஒவ்வொரு தவணைக்கும் நடுவுல ஒரு கிழம ஸ்கூல் மூடும், ஒக்டோபர் கடைசி, பெப்ரவரி நடு, மே கடைசி. இங்க எல்லாருக்கும் அது பொங்கல் தீபாவளி மாதிரி தெரிஞ்ச விஷயம், அதனால அந்த அம்மா "கிளாஸ் இல்ல"ன்னு தனியா சொல்லணும்னு நெனச்சிருக்க மாட்டாங்க. ரெண்டாவது தடவை நீ ஏமாந்தது வேற கதை. ஒக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழம இங்க மணிக்கூட்ட ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைப்பாங்க. சம்மர்ல இங்க பின்னேரம் அஞ்சு மணின்னா ஒனக்கு ஒம்பதரை, வின்டர்ல அதே அஞ்சு ஒனக்குப் பத்தரை. லீவும் மணி மாத்தமும் ஒண்ணா வந்து ஒன்னய அடிச்சிருக்கு.

இன்செட் டேன்னா டீச்சர்மாருக்கு மட்டும் ஸ்கூல், பயிற்சி நாள், புள்ளைங்களுக்கு லீவு. அன்னைக்குப் பகல்ல கிளாஸ் போட்டுக்க, நீயும் நேரத்தோட படுக்கலாம்.

இயர் 8னு பயப்படாத, நம்ம தரம் 8தான். ஊர்ல பெரியவங்க இன்னும் "ஆண்டு அஞ்சு ஸ்கொலசிப்"னு சொல்வாங்களே, அந்த ஆண்டுதான் இந்த இயர். இயர் 1க்கு அஞ்சு வயசு முடிஞ்சிருக்கணும், நம்ம தரம் 1க்கும் அப்படித்தான், அதனால இயர் 11 வந்தா நம்ம ஓ.எல். வகுப்பு, இயர் 13 வந்தா ஏ.எல். வகுப்பு. நம்ம ஊர்ல வயசு ஜனவரி 31க்குப் பாப்பாங்க, இங்கிலாந்துல ஓகஸ்ட் 31க்குப் பாப்பாங்க, அதனால சில புள்ளைங்களுக்கு ஒரு வகுப்பு முன்ன பின்ன வரும். இயர் 1க்கு முந்தி ரிசெப்ஷன்னு ஒரு வருஷம் இருக்கு, நாலு வயசுல போற வகுப்பு, ஹோட்டல் வாசல்ல இருக்கிற ரிசெப்ஷன் இல்ல (எங்க மாமியார் அப்படித்தான் நெனச்சாங்க, "நாலு வயசுப் புள்ளய வாசல்லயா ஒக்கார வைக்கிறாங்க"ன்னு என்னோட சண்ட).

கே.எஸ்.னா கீ ஸ்டேஜ். இயர் 1, 2 ஒண்ணாவது, 3ல இருந்து 6 வரைக்கும் ரெண்டாவது, 7, 8, 9 மூணாவது, 10, 11 நாலாவது. கே.எஸ்.3ன்னு புத்தகத்துல போட்டிருந்தா இயர் 7ல இருந்து 9க்குள்ள உள்ள பாடம்னு எடுத்துக்க.

டியூஷன் ஃபீஸ் கதைக்குத்தான் நான் ரொம்ப சிரிச்சேன். அது யுனிவர்சிட்டிக்குக் கட்டுற காசும்மா. நம்ம ஊர்ல டியூசன்னா பின்னேரம் போற கிளாஸ், இங்க அந்தச் சொல்லு முதல்ல யுனிவர்சிட்டிக் கட்டணத்தத்தான் ஞாபகப்படுத்தும். ஒன்ன மாதிரி ஆளுங்கள டியூட்டர்னு சொல்வாங்க.

டிக்கோயா_பொடியன்:

பப்ளிக் ஸ்கூல் கேள்விய என்கிட்ட விடுங்க, எங்க குடும்பமே அதுல அடிபட்ட குடும்பம். எங்க அக்காவுக்கு லண்டன்ல இருந்து ஒரு சம்பந்தம் வந்துச்சு, தரகர் "மாப்பிள்ளை பப்ளிக் ஸ்கூல்ல படிச்சவர்"னு பெருமையா சொல்றாரு, எங்க சித்தப்பா "அதுக்கென்ன, நம்ம புள்ளயும் கவர்மென்ட் ஸ்கூல்லதான் படிச்சா, அதுல குறை ஒண்ணும் இல்ல"ன்னு ஆறுதல் சொல்லிட்டாரு. தரகர் மூஞ்சி போன போக்கப் பாக்கணும்.

இங்கிலாந்துல பப்ளிக் ஸ்கூல்னா காசு கட்டிப் படிக்கிற பழைய பெரிய பாடசாலை. ஈட்டன் 1440ல தொடங்கினது, வின்செஸ்டர் அதுக்கும் முந்தி 1382. அந்தக் காலத்துல மத்த ஸ்கூல்ல அந்த ஊர்ப் புள்ள, அந்தச் சபைப் புள்ளன்னு பாத்து எடுத்திருக்காங்க, இதுல எந்த ஊர்ல இருந்து வந்தாலும் காசு கட்டினா சேத்துக்குவாங்க, அதனாலதான் "பப்ளிக்". இப்ப பொதுவா பிரைவேட் ஸ்கூல், இன்டிபென்டன்ட் ஸ்கூல்னும் சொல்வாங்க. 2025 ஜனவரில இருந்து அந்த ஃபீஸுக்கு 20 வீதம் வற் வரி வேற. நம்ம அரசாங்கப் பாடசாலை மாதிரி காசில்லாம படிக்கிறதுதான் ஸ்டேட் ஸ்கூல், அகடமின்னு போர்ட் போட்டிருந்தாலும் அதுவும் ஸ்டேட்தான்.

கொலேஜும் அப்படித்தான். நம்ம ஊர்ல தரம் 1 இருந்தாலே கொலேஜ்னு பேர் வச்சிருவோம், அங்க "அவன் கொலேஜ் போறான்"னா பெரும்பாலும் பதினாறு வயசுக்கு மேல. ஈட்டன் மட்டும் ஸ்கூலா இருந்துக்கிட்டே கொலேஜ்னு பேர் வச்சிருக்கு, அதக் கேக்க ஆளில்ல.

சம்பந்தம் சரிவரல, அதுக்குக் காரணம் வேற.

பழைய_கரும்பலகை:

மகள், நான் பதுளைப் பக்கம் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். மற்றவர்கள் சொன்னது சரி, ஆனா உமக்கு இன்றைக்கு இரவு பதில் சொல்ல வேண்டியது அந்த 4 பற்றி, அதை ஒருத்தரும் தொடவில்லை.

நாம இன்னும் ஓ.எல். ஓ.எல். என்கிறோம், அந்தப் பேரை நமக்குத் தந்தவங்க அதை எப்பவோ விட்டுட்டாங்க. இங்கிலாந்துல ஓ-லெவல் 1951ல வந்தது, 1988ல ஜி.சி.எஸ்.இ., அதாவது இப்ப இயர் 11ல எடுக்கிற பரீட்சை, முதல் தடவை நடந்ததோட அங்க அது முடிஞ்சுது. கொழும்புல இன்டர்நேஷனல் ஸ்கூல் பிள்ளைகள் எடுக்கிற "லண்டன் ஓ.எல்." என்பது வெளிநாட்டுப் பிள்ளைகளுக்காக நடத்துறது, அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஜி.சி.எஸ்.இ.க்கு முன்ன ஏ, பி, சி என்று பெறுபேறு குடுத்தாங்க, 2017ல இருந்து இங்கிலாந்துல 9 முதல் 1 வரைக்கும் இலக்கம். 9தான் உச்சம். 4 என்பது மார்க் இல்லை, பழைய சி-யோட அடிக்கோடு, பாஸ். 5 எடுத்தா நல்ல பாஸ். கணிதத்திலும் இங்கிலிஷிலும் 4 வராட்டி பிள்ளை 18 வயசு வரைக்கும் அதைத் தொடர்ந்து படிச்சே ஆகணும், அதனாலதான் அந்தத் தாய்க்கு இவ்வளவு பதட்டம். மொக் என்பது பாடசாலை வைக்கிற மாதிரிப் பரீட்சை, நம்ம வலய மட்டத்துல வைக்கிற மாதிரிதான்.

இப்ப ஹையர், ஃபவுண்டேஷன். கணிதத்துக்கு ரெண்டு தரத்துல வினாத்தாள் இருக்கு. ஃபவுண்டேஷன்ல எவ்வளவு நல்லா செய்தாலும் 5க்கு மேல கிடைக்காது. ஹையர்ல 9 வரைக்கும் போகலாம், ஆனா கீழ விழுந்தா தாங்கப் பெரிசா ஒன்றும் இல்லை, 3க்கும் தவறினா பெறுபேறே இல்லாமப் போகும். பிள்ளை ஏ.எல்.லுக்குக் கணிதம் எடுக்கப் போகுதா என்று முதல்ல கேளும். எடுக்கணும் என்றா ஹையர்ல நிற்க வேண்டியதுதான், 6 அல்லது 7 இல்லாம அநேகமான இடங்கள்ல சேர்க்க மாட்டாங்க. எடுக்கப் போறதில்லை, பாஸ் வந்தாப் போதும் என்றா ஃபவுண்டேஷன்ல 5 எடுக்கிறதுல வெட்கம் ஒன்றும் இல்லை. கடைசி முடிவு பாடசாலை ஆசிரியரோடது, நீர் "நான் சொன்னேன்" என்று பாரத்தைத் தலையில ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

செட் என்பதும் இதோட சேர்ந்ததுதான். ஒரே வகுப்புப் பிள்ளைகளைக் கணிதத்துக்கு மட்டும் திறமைப்படி பிரிச்சு, செட் 1, 2, 3 என்று வேற வேற அறையில இருத்துவாங்க. சின்னவ செட் 3ல இருக்கிறா என்றா மேல ரெண்டு செட் இருக்கு, கீழ இன்னும் இருக்கலாம், எத்தனை செட் என்று கேட்டுப் பாரும். கீழ்ச் செட்லயே நின்றா பிறகு ஃபவுண்டேஷன் பக்கம்தான் தள்ளுவாங்க. எனக்கு இந்தப் பிரிப்புல உடன்பாடு இல்லை, பன்னிரண்டு வயசுல பிள்ளை தன் நம்பரைத் தெரிஞ்சுகொள்ளக் கூடாது. நாம தரம் 5லேயே புலமைப்பரிசில் என்று அதைத்தானே செய்றோம் என்று கேப்பீர். உண்மைதான். அங்கயும் 1944 கல்விச் சட்டத்துக்குப் பிறகு பதினொரு வயசளவுல 11-பிளஸ் என்று ஒரு பரீட்சை, பாஸ் பண்ணினவன் படிப்புல கெட்டிக்காரங்களுக்கான கிராமர் ஸ்கூல், மற்றவன் செகண்டரி மொடர்ன் என்ற சாதாரண ஸ்கூல். இப்ப அநேகமான இடத்துல கைவிட்டுட்டாங்க, கென்ட், பக்கிங்ஹாம்ஷயர் மாதிரிப் பகுதிகள்ல மட்டும் நல்லா நிற்குது, அங்க இருக்கிற நம்ம சனம் பிள்ளை இயர் 4 வந்ததுமே டியூட்டர் தேடுறதாக் கேள்வி. உமக்கு வருமானத்துக்கு வழி.

இன்னொன்று. நமக்குப் பரீட்சைத் திணைக்களம் ஒன்றுதான். அங்க எடெக்ஸெல், ஏ.கியூ.ஏ., ஓ.சி.ஆர். என்று பல போர்ட். எந்த போர்ட் என்று கேட்டுத் தெரிஞ்சு அதோட பழைய வினாத்தாளை மட்டும் எடும். மூன்று பேப்பர், ஒவ்வொன்றும் ஒன்றரை மணித்தியாலம், அதுல ரெண்டுக்குக் கால்குலேட்டர் விடுவாங்க. மடக்கை அட்டவணையை நீர் வெளியவே எடுக்க வேண்டாம்.

குளிருக்கே_குளிர்:

மேல சொன்னது எல்லாம் இங்கிலாந்துக்கு. நான் கிளாஸ்கோ, ஸ்கொட்லாந்துல ஜி.சி.எஸ்.இ.யும் கிடையாது ஏ-லெவலும் கிடையாது, பிரைமரி 1ல இருந்து 7, பிறகு எஸ்1ல இருந்து எஸ்6, பரீட்சை நஷனல் 5, அப்புறம் ஹையர். கவனம், இங்க ஹையர்னா சேர் சொன்ன அந்த ஹையர் இல்ல, யுனிவர்சிட்டி போறதுக்கான பரீட்சை. நாளைக்கு கிளாஸ்கோல ஒரு புள்ள கிடைச்சா ஹையர்னு சொன்னதும் ஃபவுண்டேஷனப் பத்திப் பேசிராதீங்க.

ஹட்டன்_தங்கச்சி:

சேர் கோடி நன்றி!! அந்த அக்காவுக்கு மெசேஜ் போட்டேன், "அண்ணன் ஏ.எல்.லுக்கு மெத்ஸ் எடுப்பாரா, எந்த போர்ட், செட் எத்தனை இருக்கு"ன்னு. ஒடனே கோல் எடுத்துட்டாங்க, "நீங்கதான் மிஸ் முதல் தடவையா இப்படிக் கேட்டீங்க"ன்னு. நடு புள்ளைக்கு ஏ.எல்.ல மெத்ஸ் வேணாமாம், பிஸ்னஸ் செய்யப் போறானாம், எடெக்ஸெல் போர்ட், ஸ்கூல்ல பேசிட்டு ஃபவுண்டேஷனுக்கு மாத்துவாங்க போல. ஆனா பேசும்போது "சிக்ஸ்த் ஃபோர்ம்ல இடம் கிடைக்கணும்"னாங்க, அஞ்சு ஃபோர்ம் எங்க போச்சு? அப்புறம் சின்னவ போன கிளாஸ்ல ஒரு பிரித்தல் கணக்குக் குடுத்தா "மிஸ் பஸ் ஸ்டொப் போட்டு செய்யவா"ங்குறா, கணக்குல பஸ்ஸே இல்ல, நான் திரும்பத் திரும்ப வாசிச்சிப் பாத்தேன்.

தலவாக்கலை_அக்கா:

ஐயோ பஸ் ஸ்டொப்! அது வகுத்தல் போடுற முறதான். எண்ணுக்கு மேலயும் பக்கத்துலயும் கோடு போடுறோமே, அது பஸ் தரிப்பிடத்துக் கூரை மாதிரி இருக்காம், உள்ளுக்கு நிக்கிற எண்ணு பஸ்ஸுக்குக் காத்துக்கிட்டு நிக்குதாம், வகுக்கிற எண்ணு வெளிய. நீ சொல்லிக் குடுக்கிறதும் அதேதான், பேருதான் வேற. ஸ்டேன்டர்ட் ஃபோர்ம்னு சொன்னாலும் பயந்துராத, நம்ம விஞ்ஞானமுறைக் குறிப்பீடு.

சிக்ஸ்த் ஃபோர்ம்னா இயர் 12, 13, நம்ம ஏ.எல். ரெண்டு வருஷம். முந்தி பதினொரு வயசு வகுப்புல இருந்து முதலாம் ஃபோர்ம், ரெண்டாம் ஃபோர்ம்னு எண்ணியிருக்காங்க, மத்தது எல்லாம் இயர்னு மாறிப்போச்சு, ஆறாவது மட்டும் பேர விடல. மூணு பாடம் எடுத்தாப் போதும், நம்ம ஊர் மாதிரி பயோ, மெத்ஸ், கொமர்ஸ், ஆர்ட்ஸ்னு ஸ்ட்ரீமுக்குள்ள அடைபட வேணாம், கணிதத்தோட சித்திரமும் எடுக்கலாம்.

அப்புறம் மார்ச் கடைசி ஞாயித்துக்கிழம மணி திரும்ப மாறும், அதுக்குப் பிறகு ஒனக்கு ஒம்பதரை. இப்பவே கலண்டர்ல குறிச்சி வை.