பழைய பிரிட்டிஷ் படங்கள்: அடுத்து எதைப் பார்க்கலாம்?

நண்பர்களே, ஒரு மாதமாகப் பழைய பிரிட்டிஷ் படங்களே கதி என்று கிடக்கிறேன். தொடங்கிவைத்தது 'பிளாக் நார்சிசஸ்' (1947). இமயமலை விளிம்பில் ஒரு கன்னிமடம். மணியடிக்கும் இடத்துக்குக் கீழே அதலபாதாளம். பார்க்கும்போதே கால் கூசியது. பிறகுதான் தெரிந்தது, அந்தப் பாதாளம் ஓவியமாம்! படக்குழு இந்தியாவில் ஒரு காட்சிகூட எடுக்கவில்லை. பெரும்பகுதி இங்கிலாந்தின் பைன்வுட் ஸ்டூடியோவில்தான். ஒளிப்பதிவாளர் ஜாக் கார்டிஃபுக்கு ஆஸ்கர் கிடைத்ததில் வியப்பே இல்லை.

அடுத்து, ஈலிங் ஸ்டூடியோவின் 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கோரோனெட்ஸ்' (1949). அலெக் கின்னஸ் பல வேடங்களில் வந்து வரிசையாகச் சாகிறார். விழுந்து விழுந்து சிரித்தேன்.

இப்போது திசை தெரியவில்லை. 'பிளாக் நார்சிசஸ்' எடுத்த பவல், பிரெஸ்பர்கர் இயக்குநர் இணையின் படங்களில் அடுத்து எது? ஈலிங்கில் நகைச்சுவை அல்லாத நல்ல படம் உண்டா? வசனம் தடதடவென்று ஓடுகிறது. சப்டைட்டில் உள்ள பிரதி எங்கே கிடைக்கும் என்றும் சொல்லுங்கள். போர்ப் படங்கள் மட்டும் வேண்டாம்.