பீவர் அணையால் வயலில் தண்ணீர்: பொறி வைப்பதா, குழாய் போடுவதா?

புல்வயல்:
என் இடம் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம், வில்லாமெட் பள்ளத்தாக்கு. பீவர் (கிளையும் சேறும் கொண்டு அணை கட்டும் நீர்க் கொறிணி) ஓடையை மறித்துக் கட்டியதில் புல்வயலின் தாழ்ந்த மூலையில் முழங்கால் தண்ணீர். வண்டிப்பாதைக்கு அடியில் ஓடைநீர் போகும் கல்வெர்ட்டின் வாயும் அடைபடுகிறது. பிரித்துப் போட்டால் இரண்டே இரவில் மறுபடி கட்டிவிடுகிறது. மேல்நிலத்துக்காரர் பொறி வைத்துக் கொல்லச் சொல்கிறார். கீழ்நிலத்துக்காரரோ, கோடையில் ஓடை வற்றாததே அதனால்தான், விட்டுவிடுங்கள் என்கிறார். எதைச் செய்வது?

மேட்டாங்கரை:
லாபம் கீழே, நனைவது உங்கள் வயல். கீழே இருப்பவர் தாராளமாகப் பேசுவதில் வியப்பில்லை. கொன்றாலும் தீராது. இரண்டு வயதானதும் பீவர் பிறந்த இடத்தை விட்டுக் கிளம்பும். காலியான ஓடை கண்ணில் பட்டால் அங்கேயே குடியேறும்.

சட்டமும் மாறிவிட்டது. மாநிலக் கொடியின் பின்பக்கத்தில் இருக்கும் பிராணி, பட்டையும் தழையும் தின்பது; அதைத் தனியார் நிலத்தில் 'கொன்றுண்ணி' என்று வகைப்படுத்தியிருந்தார்கள்! 2023இல் நிறைவேறிய மசோதா 3464 அதை மாற்றி, 2024 ஜூலை 1 முதல் மாநில மீன், வனவிலங்குத் துறையின் பொறுப்பில் விட்டது. பொறிக்கு முன் அங்கே கேளுங்கள்.

குழாய்வேலை:
தண்ணீர்ச் சத்தம் கேட்கும் இடத்தில்தான் பீவர் அடைக்கும். சத்தமில்லாமல் வடிப்பதுதான் வழி. 12 அல்லது 15 அங்குல இரட்டைச்சுவர் பிளாஸ்டிக் நெளிகுழாய், 40 அடி. அணையில் பள்ளம் வெட்டிக் குழாயைக் கிடத்துங்கள்; அது கிடக்கும் உயரம்தான் இனி குளத்தின் நீர்மட்டம். தண்ணீர் புகும் உள்முனை அணையிலிருந்து 30 அடியாவது தள்ளி, 3 அடி ஆழத்தில், 6 அங்குலக் கண்ணிக் கம்பிவலைக் கூண்டுக்குள் இருக்கட்டும். அணைக்குப் பக்கத்திலேயே வைத்தால் உறிஞ்சும் இடத்தைக் கண்டுபிடித்துச் சேற்றால் மூடிவிடும். காற்று சிக்கினால் குழாய் மிதக்கும். மேல்பக்கம் ஓட்டைகள் போட்டு, கான்கிரீட் கல் கட்டி அமுக்குங்கள்.

கல்வெர்ட்டுக்குச் சரிவக வடிவ வேலி. குறுகிய பக்கம் கல்வெர்ட்டில், அகன்ற பக்கம் ஓடையின் மேல்புறம், பக்கச் சுவர்கள் 12 அடிக்குக் குறையாமல். வேலியை ஒட்டிக் கட்டிக்கொண்டே போனால் பீவர் கல்வெர்ட்டின் வாயை விட்டு விலகித்தான் போக வேண்டும். அடியில் இடுக்கு விட்டால் தோண்டி உள்ளே வந்துவிடும்; வலையை உள்பக்கமோ வெளிப்பக்கமோ மடித்துத் தரையிலும் விரியுங்கள்.

மேட்டாங்கரை:
கரை மரங்களுக்கு 2x4 அங்குலக் கண்ணி வலை, 4 அடி உயரம். அடிமரத்தை இறுக்கிச் சுற்றாமல் அரை அடி விட்டு நிறுத்துங்கள். பெரிய மரமென்றால் ஒரு கேலன் வெளிப்புற லேடெக்ஸ் பெயிண்டில் 20 அவுன்ஸ் மணல் கலந்து அடிக்கலாம்; இளங்கன்றுக்கு ஆகாது.

புல்வயல்:
நீர்மட்டத்தை 3 அடி இறக்கிவிடலாமா?

குழாய்வேலை:
வேண்டாம். பீவர் வசிக்கும் வளையின் வாசல் தண்ணீருக்கு மேல் தெரிந்தால் கீழேயோ மேலேயோ புது அணை எழும்பும். ஓர் அடி இறக்கி, வயல் மூலை காய்கிறதா பாருங்கள். சால்மன் ஏறும் ஓடையானால் குழாய் வாங்கும் முன்பே மீன் கடக்க வழி பற்றித் துறையிடம் பேசிவிடுங்கள். மாரியில் அணைக்கு மேல் வழிந்தால் பயப்படாதீர்கள், மழை விட்டதும் மட்டம் இறங்கும்.